சீறாப்புராணத்தின் பின் நின்ற பள்ளிகள்

'பள்ளி' என்னும் சொல்லின் வரலாறு தமிழாசிரியர் அறிந்ததே. துயிலும் இடத்தைக் குறித்த அச்சொல், சமணத் துறவியரும் பௌத்தத் துறவியரும் தங்கிய உறைவிடங்களுக்குப் பெயராகி, அங்கே கல்வி நடந்தமையால் கல்விச்சாலையையும் குறிக்கலாயிற்று. பின்னர்க் கடற்கரைப் பட்டினங்களில் வாழ்ந்த தமிழ் முசுலிம்கள் தங்கள் தொழுகையிடத்திற்கும் அச்சொல்லையே கொண்டனர். கடல் கடந்து வந்தபோதும் அதைக் கைவிட்டாரில்லை. சிங்கப்பூரின் தெலோக் ஆயர் தெருவில் 1827ஆம் ஆண்டில் கூரைக் குடிசையாகத் தோன்றிய தொழுகையிடத்தைக் 'குச்சுப்பள்ளி' என்றே அழைத்தனர். அதுவே இன்று அல்-அப்ரார் பள்ளிவாசல். அதற்கு ஓராண்டு முன்னர், 1826இல், சௌத் பிரிட்ஜ் சாலையில் சூலியா பள்ளிவாசல் தொடங்கப்பெற்றது. 'ஓதுதல்' என்னும் சொல்லும் இத்தகையதே. வேதம் ஓதுவதையும் தேவாரம் ஓதுவதையும் குர்ஆன் ஓதுவதையும் தமிழ் ஒரே வினையால் சொல்கிறது.

இச்சொற்களை முதலில் எடுத்துக்கொண்டதற்குக் காரணம் உண்டு. நம் இலக்கிய வரலாற்று நூல்கள் பெரும்பாலும் 'இசுலாமியர் தமிழ்த் தொண்டு' என்று ஓர் இயலை ஒதுக்கி, புலவர் பெயர், நூற்பெயர், காலம், புரந்த வள்ளல் என்று வரிசைப்படுத்திவிட்டு அப்பால் சென்றுவிடுகின்றன. அப்புலவர் யாரிடம் கேட்டார், அவர் பாடிய பொருள் எந்தக் கூடத்தில் பேணப்பட்டது, அக்கூடம் நகர வாழ்வில் என்ன பணி செய்தது என்னும் வினாக்கள் எழுவதில்லை. இதனால் பெரிதும் இழப்புக்குள்ளாவது சீறாப்புராணம். உமறுப்புலவர் அரபு நாட்டைத் தமிழ்நாடாகவே காட்டினார் என்று எழுதி மாணவன் மதிப்பெண் பெறுகிறான். ஆசிரியரும் அதனோடு அமைதியடைகிறார். கூற்று பிழையன்று, ஆயினும் அது பாதியே. மற்றப் பாதி அக்காலத்து இசுலாமியக் கல்விக்கூடத்தில் இருக்கிறது. அதைக் காணாமல் சீறாவைப் படிப்பது, மாளிகையின் முகப்பை மட்டும் பார்த்துத் திரும்புவதை ஒக்கும்.

அக்கல்விக்கூடம் எத்தகையது? இன்று மதரசா என்றால் சமயக் கல்வி மட்டுமே நடக்கும் ஒதுங்கிய இடமென்று பலர் எண்ணுகின்றனர். இடைக்கால நகரங்களில் நிலை வேறு. பதினோராம் நூற்றாண்டில் செல்சூக்கிய அரசின் அமைச்சர் நிசாமுல் முல்க் பாக்தாத் நகரில் நிறுவிய நிசாமியா மதரசா 1067இல் திறக்கப்பட்டது. இமாம் கசாலி 1091 முதல் 1095 வரை அங்கே ஆசிரியராக விளங்கினார். அதே நகரில் 1234இல் திறக்கப்பட்ட முசுதன்சிரியா மதரசா நான்கு சட்ட மரபுகளுக்கும் இடமளித்தது. நூலகமும் மருத்துவமனையும் சமையற்கூடமும் அதனோடு இணைந்திருந்தன. தொழுகை நேரம் காட்டும் நீர்க்கடிகாரம் ஒன்று அதன் வாயிலில் அமைந்திருந்தது. நகரத்தார் நேரம் அறிய வேண்டுமாயினும் பள்ளியின் வாயிலையே நோக்கினர் என்பது சிறிய செய்தியன்று.

இக்கூடங்களைத் தாங்கியது வக்பு என்னும் அறக்கொடை. கடைத்தெருவின் வாடகையும் தோட்டத்தின் விளைவும் ஆசிரியர் ஊதியத்திற்கும் மாணவர் உணவிற்கும் என்று நிலையாக எழுதிவைக்கப்பட்டன. ஆகவே சந்தை செழித்தபோது பள்ளியும் செழித்தது. பள்ளியில் பயின்று வெளிவந்தவனோ சந்தைக்கு இன்றியமையாதவனானான். வழக்குத் தீர்க்கும் காதி, இறந்தோர் சொத்தைப் பங்கு பிரித்துக் கணக்கிடுவோன், ஒப்பந்தம் எழுதுவோன், அதற்குச் சாட்சி நிற்போன் ஆகிய அனைவரும் அக்கூடத்தின் மாணாக்கரே. மொழி அறியாத துறைமுகத்தில் இறங்கும் வணிகன் ஒருவனுக்கு அவ்வூர்க் காதியின் சட்டம் தன் ஊர்க் காதியின் சட்டமே என்னும் உறுதி கிடைத்தது. அவ்வுறுதியின் மேலேயே இந்தியப் பெருங்கடலின் வணிகம் பெரும்பகுதி நடந்தது எனலாம்.

பாக்தாத் நமக்குத் தொலைவு. நம் பக்கத்துக் கடற்கரைக்கு வருவோம். பதினான்காம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் இந்தியாவின் மேலைக் கடற்கரை வழியே பயணம் செய்த மொராக்கோ நாட்டு இப்னு பத்தூதா, ஹொன்னாவர் நகரில் பெண் மக்களுக்கு 13 பள்ளிகளும் ஆண் மக்களுக்கு 23 பள்ளிகளும் கண்டதாகக் குறித்துள்ளார். உலகின் பெரும்பகுதியைச் சுற்றிய அவர், இத்தகைய காட்சியை வேறெங்கும் கண்டதில்லை என்று வியக்கிறார். ஏழிமலைப் பகுதியின் பள்ளிவாசல் ஒன்றில் மாணவர் பலர் தங்கி உதவித்தொகை பெற்றுப் பயின்றதையும், வழிப்போக்கருக்கும் ஊர் ஏழையருக்கும் உணவளிக்கும் சமையற்கூடம் அங்கு இருந்ததையும் அவர் எழுதிவைத்தார். கல்வியும் சோறும் ஒரே கூரையின்கீழ் வழங்கப்பட்டன. நம் அறச்சாலைகளையும் கோயில்களையும் சார்ந்த கல்வியை நினைவில் கொண்டோர்க்கு இது புதுமையாகத் தோன்றாது.

பதினாறாம் நூற்றாண்டில் பொன்னானி நகரின் பெரிய பள்ளிவாசல் மக்தூம் குடும்பத்து அறிஞர்களால் கல்வித் தலைநகராக உயர்ந்தது. அக்குடும்பம் நம் சோழமண்டலக் கரையிலிருந்து சென்றது என்பது மரபு. மாணாக்கர் விளக்கைச் சூழ்ந்து அமர்ந்து பாடம் கேட்டமையால், அங்கே உயர்கல்வி முடித்தலை விளக்கின் அருகே இருத்தல் என்னும் பொருள்படவே வழங்கினர். அக்குடும்பத்து இளைய சைனுத்தீன் மக்தூம் அரபு மொழியில் இயற்றிய 'பத்ஹுல் முயீன்' என்னும் சட்டநூல் கேரளத்தோடு நில்லாமல் சாவகத்திற்கும் மலாய் நிலத்திற்கும் சென்று பாடநூலாயிற்று. பொன்னானியில் விளக்கடியில் எழுதப்பட்ட நூலை மலாய்ச் சிறுவன் ஓதினான். இந்தக் கடல்வழிக் கல்வியின் தமிழ் நிலையங்களே காயற்பட்டினமும் கீழக்கரையும்.

இங்கே ஒரு சொல் கூற வேண்டும். இடைக்காலம் என்னும் பகுப்பு ஐரோப்பியர் தம் வரலாற்றுக்குச் செய்துகொண்டது. நம் கடற்கரைப் பட்டினங்களின் வாழ்க்கை அக்கணக்கில் முடிவதில்லை. மார்க்கோ போலோ பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியில் குதிரைகள் வந்திறங்கும் துறைமுகமாகக் கண்ட காயலின் நெறிகள், பதினேழாம் நூற்றாண்டுக் கீழக்கரையிலும் பெரும்பாலும் மாறாமல் இருந்தன. ஆகவே சீறாப்புராணம் தோன்றிய அந்நூற்றாண்டையும் இடைக்காலத்தின் தொடர்ச்சியாகவே இங்குக் கொள்கிறேன்.

அந்நூற்றாண்டில் கீழக்கரையில் இரு பெரியோர் வாழ்ந்தனர். ஒருவர் சேகு அப்துல் காதிர் மரைக்காயர் என்னும் சீதக்காதி வள்ளல். மற்றவர் காயற்பட்டினத்தில் பிறந்து கீழக்கரையில் வாழ்ந்த சதக்கத்துல்லா அப்பா (1632–1703). அரபு மொழியில் கவிபாடும் ஆற்றல் வாய்ந்த பேரறிஞர் அவர், வள்ளலுக்கும் ஞானாசிரியர். வணிகச் செல்வமும் பள்ளிக் கல்வியும் கைகோத்து நின்ற நகரம் கீழக்கரை என்பதற்கு இவ்விருவர் உறவே சான்று.

மூன்றாமவர் உமறுப்புலவர். அவர் கற்ற பள்ளி வேறு. எட்டயபுரத்து அரசவைப் புலவர் கடிகைமுத்துப் புலவரிடம் அவர் தமிழ் கற்றார். யாப்பும் அணியும் காப்பிய மரபும் அவருக்கு அங்கே கிடைத்தன. ஆசிரியர் இந்து, மாணாக்கர் முசுலிம். அக்காலத்தில் அது வியப்பாகக் கருதப்படவில்லை என்பதையும் நாம் மறத்தலாகாது.

நபிகள் நாயகத்தின் வரலாற்றைப் பாட விரும்பிய உமறுப்புலவர், அதற்குரிய செய்திகளைப் பெறச் சதக்கத்துல்லா அப்பாவை நாடிச் சென்றதாகவும், அரசவைப் புலவர்க்குரிய அவரது கோலத்தைக் கண்ட அப்பா செய்தி தர மறுத்ததாகவும், புலவர் மனம் வருந்தியதாகவும், பின்னர்க் கனவொன்றால் நிலை மாறி அப்பா இசைந்ததாகவும், பரங்கிப்பேட்டையில் வாழ்ந்த தம் மாணவர் மாமுநெய்னா லெப்பையிடம் புலவரை அனுப்பியதாகவும் மரபுவழிச் செய்தி வழங்குகிறது. சீறாப்புராணப் பதிப்புகளின் முன்னுரைகளில் இதனை நாம் படித்திருக்கிறோம்.

இச்செய்தியை நம் திறனாய்வாளர்கள் இரு வகையாகவே கையாண்டு வந்துள்ளனர். ஒரு சாரார், குறுகிய நோக்குடைய சமய அறிஞர் பரந்த உள்ளம் படைத்த புலவரைப் புறக்கணித்தார் என்று காட்டுவர். மற்றொரு சாரார், புலவரின் பக்தி சோதிக்கப்பட்டு வென்றது என்று உருகுவர. இரண்டும் கதையின் நடுவே நிற்கும் பொருளைக் காணவில்லை. அப்பா எதைத் தர மறுத்தார்? இன்று போல் கடையில் வாங்கிப் படிக்கத்தக்க வரலாற்று நூல் அன்று இல்லை. நபிகள் நாயகத்தைப் பற்றிய ஒவ்வொரு செய்தியும் ஆசிரியன் வாயிலிருந்து மாணாக்கன் செவிக்கு இறங்கியது. இன்னாரிடம் கேட்டேன், அவர் இன்னாரிடம் கேட்டார் என்னும் தொடர் அறுபடாமல் காப்பதே அக்கல்வியின் உயிர்நாடி. கற்று முடித்தவனுக்கு ஆசிரியர் தரும் இசைவை 'இசாசத்' என்பர். அதைப் பெறாதவன் பிறர்க்குச் சொல்லும் உரிமை பெறுவதில்லை. ஆகவே அந்த வாயிலில் நடந்தது ஆடையைப் பற்றிய பிணக்கு மட்டுமன்று. தமிழ்ப் புலமை என்னும் ஒரு கல்வியும் அரபுப் புலமை என்னும் மற்றொரு கல்வியும் எதிர்ப்பட்டு, ஒன்றையொன்று நம்பலாமா என்று நோக்கிய கணம் அது. மிகைப்படுத்திப் பாடுவது புலவன் தொழில், ஒரு சொல்லும் மிகாமல் காப்பது ஆலிமின் தொழில். அப்பா தயங்கியதில் வியப்பில்லை.

அதற்காகத் தயக்கம் முழுவதையும் நியாயப்படுத்த நான் முன்வரவில்லை. புறக்கோலம் கண்டு அகத்தை அளப்பது எக்காலத்திலும் கல்விக்கூடத்தின் நோயாகவே இருந்திருக்கிறது. கதையைச் சொல்லிவந்த மக்களும் அதை உணர்ந்தே இருந்தனர். இல்லையேல், அப்பாவின் மனத்தை மாற்ற ஒரு கனவை வரவழைத்திருக்கமாட்டார்கள்.

இனி நூலுக்குள் செல்வோம். 5027 விருத்தங்கள், 92 படலங்கள், மூன்று காண்டங்கள். காண்டப் பெயர்களை நோக்குக. விலாதத்து, நுபுவ்வத்து, ஹிஜ்றத்து. முறையே பிறப்பு, நபித்துவம், மக்காவிலிருந்து மதீனாவிற்குப் பெயர்ந்தமை ஆகியவற்றைக் குறிக்கும் அரபுச் சொற்கள் இவை. காண்டத்தினுள் நுழைந்தாலோ கடவுள் வாழ்த்து, நாட்டுப் படலம், நகரப் படலம் என்று நம் காப்பிய வாயில்கள் வரிசையாகத் திறக்கின்றன. பெயரைப் பள்ளிவாசலும் வாயிலைத் திண்ணையும் தந்தன. பத்ர் 'பதுறு' என்றும் உஹுத் 'உகுது' என்றும் தமிழ் ஒலிக்கு இசைந்து நிற்பது கவனிக்கத்தக்கது. இவை புலவர் தனியே புனைந்த வடிவங்கள் அல்ல என்றும், கடற்கரை ஊர்களில் லெப்பைமார் சிறுவர்க்கு ஓதிக் கொடுத்தபோதே மக்கள் நாவில் பழகிய வடிவங்கள் என்றும் கருத இடமுண்டு.

ஆனால் இவையெல்லாம் மேற்பரப்பு. இரு பள்ளிகளும் ஆழத்தில் கலந்த இடம் ஒன்றைக் காட்ட விரும்புகிறேன். நம் பாடநூல்களில் அடிக்கடி இடம்பெறும் 'மானுக்குப் பிணை நின்ற படலம்' அது. வேடன் ஒருவன் பிணித்த பெண்மான், பசித்திருக்கும் தன் கன்றுக்குப் பாலூட்டிவர விடை தருமாறு நபிகள் நாயகத்திடம் முறையிடுகிறது. நாயகம் வேடனிடம் பேசுகிறார். காட்டில் விட்ட மான் திரும்புமா என்று அவன் நம்ப மறுக்கிறான். நாயகம் தாமே பிணை நிற்கிறார். மான் சென்று, பாலூட்டி, திரும்புகிறது. வேடன் மனம் மாறுகிறான்.

இப்படலத்தைக் கற்பிக்கும்போது உயிரிரக்கம் என்று ஒரு சொல்லில் முடித்துவிடுவது வழக்கம். நானும் பல ஆண்டுகள் அவ்வாறே முடித்தேன். ஒருமுறை உயர்நிலை வகுப்பு மாணவி ஒருத்தி எழுந்து, இரக்கம்தான் காரணமென்றால் கயிற்றை அவிழ்த்து மானை விடுவித்திருக்கலாமே, எதற்காக வேடனிடம் பேரம் பேச வேண்டும் என்று கேட்டாள். மற்றொருவன், அகராதியில் பிணை என்றால் பெண்மான் என்று இருக்கிறது, மானுக்கு மான் எப்படி நிற்கும் என்றான். வகுப்பு சிரித்தது. எனக்கு விடை தெரியவில்லை. 'பிறகு பார்ப்போம்' என்று மணியடிக்கும்வரை காலம் கடத்தினேன்.

மாணவியின் வினாவிற்கு விடை திண்ணைப் பள்ளியில் இல்லை, மதரசாவில் இருக்கிறது. காயலிலும் கீழக்கரையிலும் வழங்கிய சாபி சட்ட மரபின்படி, காட்டு விலங்கைப் பிடித்தவனுக்கே அது உடைமை. மான் வேடனுக்கு உரியது. பிறர் உடைமையை இரக்கத்தின் பெயராலும் பறித்தல் தகாது. எனவே நாயகம் உரிமையை மறுக்கவில்லை. அவ்வுரிமையை ஏற்றுக்கொண்டே, உடையவனிடம் தவணை கேட்கிறார், தவணைக்குத் தம்மைப் பிணையாக்குகிறார். பிணை பற்றிய பகுதி சட்ட நூல்களில் தனியே உண்டு. கடனுக்குப் பிணை நிற்றல் ஒன்று. ஆளைக் குறித்த காலத்தில் கொண்டுவந்து நிறுத்துவதாகப் பிணை நிற்றல் மற்றொன்று. கப்பலில் சரக்கேற்றி, கடன் வாங்கி, ஒருவர் வருகைக்கு மற்றவர் பொறுப்பேற்று வாழ்ந்த மரைக்காயர் நகரத்தில் இது ஏட்டுச் செய்தியாக இருந்திருக்க முடியாது. சீறாவைக் கேட்ட வணிகன் ஒவ்வொருவனும் எவனுக்கோ பிணை நின்றிருப்பான், அல்லது பிணைக்கு ஆள் தேடி அலைந்திருப்பான். தான் பிணை நின்றவன் வருவானோ வாரானோ என்று துறைமுகத்தில் நின்றவனுக்கு, மான் திரும்பிவரும் காட்சி எத்தகைய நெகிழ்ச்சியைத் தந்திருக்கும்!

மாணவனின் வினாவிற்கு விடை தமிழில் இருக்கிறது. பெண்மானையும் பொறுப்பேற்பையும் ஒரே சொல்லால் குறிக்கும் மொழியில் இக்கதை வந்து சேர்ந்தது அதன் நற்பேறு. மேலும், புறாவின் பொருட்டுத் தன் தசையை அறுத்துத் தந்த சிபியைச் சோழர் குலமுதல்வனாகச் சங்கப் புலவர்களே போற்றியுள்ளனர். அக்கதையிலும் பருந்தின் இரையுரிமை மறுக்கப்படவில்லை, ஈடு தரப்படுகிறது. தமிழ்ச் செவி இத்தகைய கதைக்கு முன்னரே பழகியிருந்தது. சிபி உடலை ஈடு தந்தான்; நாயகம் சொல்லை ஈடு தந்தார். வணிக நகரத்திற்கு இரண்டாவதே நெருக்கமான அறம்.

இவ்வாறு இரு கல்வியும் இசைந்த இடங்களில் சீறா உயர்ந்து நிற்கிறது. இசையாத இடங்களும் உள. 2683 பாடல்கள் கொண்ட ஹிஜ்றத்துக் காண்டத்தில் போர்கள் ஒன்றன்பின் ஒன்றாக வருகின்றன. வீரர் பெயர்களும் குலப்பெயர்களும் நிரலாக அடுக்கப்படுகின்றன. ஒரு பெயரையும் விட்டுவிடலாகாது என்னும் பள்ளியின் கண்டிப்பு அங்கே புலவரின் கையைப் பிடித்திழுக்கிறது. விருத்தத்தின் ஓசை குறையவில்லை, ஆனால் காட்சி மங்குகிறது. சில படலங்களைப் பாடக் குறிப்பைப் படிப்பதுபோலவே நான் படித்து முடித்தேன் என்பதை ஒளிப்பதற்கில்லை. காப்பியமும் நாயகத்தின் இறுதிக்காலம் வரை செல்லாமல் நின்றுவிட்டது. பாடிய அளவிலும் சீதக்காதிக்குப் பின் பரங்கிப்பேட்டை அபுல் காசிம் மரைக்காயரின் ஆதரவு வேண்டியிருந்தது. பள்ளியைத் தாங்கிய அதே வணிகச் செல்வம்தான் காப்பியத்தையும் தாங்கியது.

இரு கல்வியின் இணைப்பு புலவர்க்கு மட்டும் உரியதா, நகரத்துப் பிள்ளைகளுக்கும் கிடைத்ததா என்று கேட்கலாம். இதற்குச் சான்று நமக்கு அருகிலேயே, மலாக்காவில் இருக்கிறது. காலத்தால் பிற்பட்டதாயினும் பழைய நடைமுறையின் உயிருள்ள சித்திரம் அது. மலாய் உரைநடையின் முன்னோடியாகிய முன்ஷி அப்துல்லா (1796–1854) தம் வரலாற்றை 1843இல் எழுதி முடித்தார். சிங்கப்பூரில் 1849இல் அச்சான அந்நூலில் தம் பாட்டியைப் பற்றிக் குறிப்பிடுகிறார். அவர் பெயர் பெரி ஆச்சி. மீரா லெப்பை என்பாரின் மகள். கம்போங் பாலி என்னும் இடத்தில் ஏறத்தாழ 200 சிறுவர் சிறுமியர்க்கு அவர் ஓதிக் கொடுத்தார். பெரியாச்சி என்னும் பெயரும் பள்ளியை நினைவூட்டும் இடப்பெயரும் நமக்கு உரை வேண்டாதவை. இருநூறு பிள்ளைகளை ஒரு பெண்மணி ஆண்டிருக்கிறார். நம் இலக்கிய வரலாற்றில் அவருக்கு ஒரு வரியும் இல்லை.

அப்துல்லா குர்ஆன் ஓதியதோடு தமிழும் கற்றார். வசதியுள்ள குடும்பத்துப் பிள்ளைகள் தமிழ் கற்பது மலாக்காவின் முன்னோர் வழக்கமென்றும், கணக்கிற்கும் வணிகத்திற்கும் அது வேண்டியிருந்ததென்றும் அவரே காரணம் கூறுகிறார். ஆனால் அவர் பள்ளியைப் புகழ்ந்து மட்டும் எழுதவில்லை. பிரம்பு, சங்கிலி, விரலை இடுக்கும் கருவி என்று தண்டனைகளைப் பட்டியலிடுகிறார். பொருள் விளங்காமல் ஓதுவதையும், தாய்மொழியைக் கற்பிக்கும் பள்ளி மலாய் மக்களிடையே இல்லாமையையும் கடுமையாகக் கண்டிக்கிறார். பள்ளியின் பெருமையைப் பேசும் நாம் இக்குற்றச்சாட்டையும் கேட்கவே வேண்டும். வேற்றுமொழி நூலை ஓதிக்கொடுத்துத் தாய்மொழியைக் கைவிட்ட கூடம், காதியை உருவாக்கலாம், சீறாவை உருவாக்காது.

தமிழகக் கடற்கரை இதற்குத் தானே ஒரு வழி கண்டது. தமிழை அரபு எழுத்தில், சில புதுக்குறிகள் சேர்த்து எழுதும் அரபுத்தமிழ் அது. கீழக்கரை மாப்பிள்ளை லெப்பை ஆலிம் (1816–1898) அம்முறையில் எழுதிய 'மகானி' போன்ற நூல்கள் வணக்கம், சட்டம், நடைமுறை ஆகியவற்றை வீட்டிலிருந்த பெண்டிர்க்கும் எட்டச் செய்தன. தைக்காக்களில் பெண்கள் அவற்றைப் படித்தனர். இந்நூல்களை நம் இலக்கிய வரலாற்றார் தொடுவதில்லை. எழுத்து வேறு என்பதே காரணம். வட்டெழுத்திலும் பிராமியிலும் இருப்பவற்றைத் தமிழ் என்று கொண்டாடும் நாம், அரபு எழுத்தில் இருக்கும் தமிழைத் தமிழன்று என்று ஒதுக்குவது எவ்வகை நியாயம்?

ஏட்டில் இருந்த சீறாவை 1842இல் முதன்முதல் அச்சேற்றியவர் செய்கு அப்துல் காதிர் நயினார் லெப்பை ஆலிம் புலவர். 'புலவர் நாயகம்' என்று மக்கள் போற்றிய அவர் பெயரின் இறுதியில் 'ஆலிம்', 'புலவர்' என்னும் இரு பட்டங்களும் அடுத்தடுத்து நிற்கின்றன. அப்பாவின் வாயிலில் எதிரெதிரே நின்ற இரு கல்வியும் ஒன்றரை நூற்றாண்டுக்குள் ஒரே மனிதரின் பெயராகிவிட்டன. பதிப்பு வரலாற்றில் இதைவிடச் சுவையான செய்தியை நான் அறியேன்.

சிங்கப்பூரில் 1872இல் அச்சான, நாகூர் முகம்மது அப்துல் காதிர்ப் புலவரின் 'முனாஜாத்துத் திரட்டு' இம்மரபின் கிளையே. 1887 முதல் 1890 வரை வெளிவந்த 'சிங்கை நேசன்' இதழை நடத்திய மகுதூம் சாயபுவும் இம்மரபில் வந்தவரே. பின்னர் 1946இல் சிங்கப்பூர்க் கடையநல்லூர் முசுலிம் லீக் ஒரு தமிழ்ப் பள்ளியைத் தொடங்கியது. நெசவாளர் ஊரிலிருந்து வந்து உழைத்துப் பிழைத்த மக்கள் தம் பிள்ளைகளுக்குத் தமிழ்க் கல்வி தர முனைந்தபோது அப்பள்ளிக்கு எந்தச் சமய அறிஞரின் பெயரையும் இடவில்லை, எந்தச் செல்வரின் பெயரையும் இடவில்லை. உமறுப்புலவர் பெயரை இட்டனர். வாயிலில் நிறுத்தப்பட்ட புலவரின் பெயர் பள்ளியின் முகப்பிலேயே ஏறியது. பிற்காலத்தில் உயர்நிலைப் பள்ளியாக வளர்ந்த அது, தமிழைப் பயிற்றுமொழியாகக் கொண்ட கல்வி தேய்ந்தபோது, 1982இல் மூடப்பட்டது. மறு ஆண்டில் தோன்றிய உமறுப்புலவர் தமிழ்மொழி நிலையம் அப்பெயரை இன்றும் தாங்கி நிற்கிறது. சிராங்கூன் சாலையிலிருந்து சிறிது தொலைவு நடந்தால் அதை அடையலாம். பல சமயத்துப் பிள்ளைகள் அங்கே தமிழ் கற்கின்றனர். பெயர்ப்பலகையில் உள்ள புலவர் யார் என்று கேட்டால் 'சீறாப்புராணம் பாடியவர்' என்பர். அவர் எவ்விரு பள்ளிகளின் மாணாக்கர் என்று நாம் அவர்களுக்குச் சொல்லியிருக்கிறோமா?

மான் படலத்தை மீண்டும் நடத்தும் வாய்ப்பு எனக்குச் சில ஆண்டுகள் கழித்துக் கிடைத்தது. இம்முறை பலகையில் பிணை என்று எழுதி, இரு பொருளையும் கீழே எழுதினேன். உடைமை, தவணை, பொறுப்பு ஆகியவற்றைச் சொல்லி, வேடன் ஏன் கொடியவன் அல்லன் என்பதையும் விளக்கினேன். பின்வரிசையில் இருந்த மாணவன் ஒருவன் கை உயர்த்தினான். தன் அண்ணனுக்குக் கல்வி உபகாரச் சம்பளம் கிடைத்தபோது ஒப்பந்தத்தில் பிணைக் கையொப்பமிட இருவர் தேவைப்பட்டனர் என்றும், தன் தந்தை உறவினர் வீடு வீடாக ஏறி இறங்கினார் என்றும், இறுதியில் கையெழுத்திட்டவர் உறவினரல்லர், தந்தையோடு வேலை செய்யும் ஒருவர் என்றும் கூறினான். அவர் ஏன் இட்டார் என்று கேட்டேன். "அண்ணன் திரும்பி வருவான் என்று நம்பினார், சார்" என்றான்.